கல்லறைப் பெயிண்ட் அடித்த ஷாஃப்ட்

சபைக் கமிட்டிக் கூட்டத்தில் நான் கையைத் தூக்கியதும் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது நான் வாயையே திறந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்குள் நான் சம்பாதித்து வைத்திருக்கிற பெயர் அது. கல்யாண வீட்டில் என் பக்கத்து நாற்காலிக்குப் போட்டி உண்டு. அடக்க ஆராதனையில் அதே நாற்காலி காலியாகவே கிடக்கும், சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமஸ்தாவாக இருக்கிறேன். அங்கேயும் நான் ‘நாளைக்கு வாய்தா’ என்றால் கட்சிக்காரர் நேராக உள்ளே போய் வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

அன்றைக்குப் பேச்சு அசனத்தைப் பற்றி. எங்கள் ஆலயம் ஒரு பொற்றையின், அதாவது சின்னக் குன்றின், உச்சியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருநாள் சபையார் எல்லோரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அசனம். சோறு வடிக்கிற வார்ப்புகள், ஒரு ஆள் உள்ளே சுருண்டு படுத்துத் தூங்கக்கூடிய வெண்கலப் பாத்திரங்கள், அடிவாரத்து ஹாலில் கிடக்கும். தார் ரோடு ஹாலோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் ஏற்றம். ஆட்டோ அதைப் பார்த்ததுமே திரும்பிவிடும். ஆகவே வருடாவருடம் வார்ப்பைக் கம்பில் கட்டி நாலு சுமட்டுக்காரர்கள் தோளில் ஏற்றிப் போவார்கள். வருடாவருடம் ஒருவர் வழுக்குவார். போன வருடம் வார்ப்பு மட்டும் தனியாக உருண்டு கீழே வந்து ஹால் வாசலிலேயே நின்றது.

“என் ஜீப் ஏத்தும்” என்றேன். “நாலு வீலும் இழுக்கிற வண்டியாக்கும். சுமட்டுக்காரங்கள விளிக்காண்டாம்.”

சபைச் செயலாளர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சொல்லையும் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்ப்பவர்.

“ஓய், இது தமாசா, காரியமா?”

“காரியம்.”

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொன்ன ஒன்றை ஒருவர் நோட்டில் எழுதியது என் நினைவில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“உள்ளதாவா எழுதினாரு?”

“கோடு போட்ட நோட்டில.”

“அப்ப நாசம்தான்” என்று மறுபடி மீனுக்குத் திரும்பினாள்.

இனி ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு எஸ்டேட்காரர் ஓட்டித் தீர்த்ததை நான் வாங்கினேன். “நமக்கு வீட்டு வாசல் வரைக்கும் தார் ரோடு. நாலு வீல் இழுத்து எங்க போவதுக்கு?” என்று மனைவி அன்றைக்கே கேட்டாள். எனக்குப் பதில் கிடைக்க மூன்று வருடம் ஆனது. பொற்றையில் அசனம்தான் அந்தப் பதில்.

அசனம் சனிக்கிழமை. ஒரு ஒத்திகை வேண்டாமா என்று வியாழக்கிழமை மத்தியானம் ரப்பர் விறகை ஜீப் நிறைய அடுக்கிக்கொண்டு ஏறினேன். கியருக்குப் பக்கத்திலிருக்கிற சின்னக் கம்பியை இழுத்து நாலு வீலும் இழுக்கும்படி போட்டேன். முதல் வளைவில் வண்டி ஆடு மாதிரி ஏறியது. நான் எனக்கே கேட்கும்படி “கோடு போட்ட நோட்டு” என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வளைவில், காலுக்கு அடியில் யாரோ இரும்பு உலக்கையால் தகரத்தை இடித்தார்கள். ஒரு இடி அல்ல, மழை மாதிரி இடி. நான் பிரேக், கிளச், ஹாரன் மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்தினேன். ஹாரன் எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

வண்டி நின்றது. கையில் கிடைத்த விறகுக் கட்டையைப் பின் சக்கரத்துக்கு அடியில் சொருகிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். கை நீளத்தில் ஒரு இரும்புத் தண்டு, ஒரு முனை மேலே பிடித்தபடி, மறுமுனை மண்ணில் குத்தித் தொங்கியது. எனக்குத் தெரிந்த மோட்டார் சாஸ்திரப்படி எஞ்சின் கழன்றுவிட்டது. கியர் பாக்ஸும் போயிருக்கும். பெட்ரோல் டேங்க் எந்த நேரமும் வெடிக்கலாம். டீசல் வண்டிக்குப் பெட்ரோல் டேங்க் இல்லை என்பது எனக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் நான் ஐம்பதடி ஓடி ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தேன். மரத்துச் சிரட்டையில் இருந்த பால் முழுவதும் சட்டையில்.

மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் எல்லோரும் ஆசான் என்று அழைக்கிற ஆள், ஆனால் என்னைவிடப் பத்து வயது இளையவர்.

“ஆசானே, வண்டிக்க அடியில ஒரு தண்டு ஒடிஞ்சு தொங்குது. ஏத்தத்தில நிக்கேன். உடனே வரணும்.”

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “அண்ணா, இன்னைக்கு எத்தன குட்டி?” என்றார்.

இதை விளக்கியாக வேண்டும். முந்தைய வருடம் இதே ஆசானுக்குப் போன் செய்து, எஞ்சினுக்குள் யாரோ அழுகிறார்கள் என்று பதறிச் சொன்னேன். அவர் வேலையைப் போட்டுவிட்டு பைக்கில் வந்து பானட்டைத் திறந்தார். உள்ளே பூனை நாலு குட்டி போட்டுப் படுத்திருந்தது. பூனை இருப்பது எனக்கு முன்பே தெரியும்.

“இது பூனை இல்ல. ஷாஃப்டு.”

“செரி, ஷாஃப்டு குட்டி போட்டா விளியுங்க” என்று வைத்துவிட்டார்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். ‘இது நெட்டில உள்ள படம்’ என்று பதில் வந்தது. வண்டிக்குப் பக்கத்தில் நான் நிற்கிற மாதிரி இன்னொன்று எடுத்து அனுப்பினேன். சட்டையெல்லாம் வெள்ளையாக இருந்ததால் ‘பெயிண்டு வேலையும் உண்டா’ என்று கேட்டார். கடைசியில் மனைவிக்குப் போன் செய்து, நீ ஆசானைக் கூப்பிடு என்று கெஞ்சினேன். அவள் கூப்பிட்டாள். இருபது நிமிடத்தில் ஆசான் வந்து நின்றார். நான் ஒரு மணி நேரம் சொல்லி நடக்காததை அவள் எத்தனை வார்த்தையில் சொன்னாள் என்று பிறகு கேட்டேன். “ஆசானே, உள்ளதாக்கும்” என்றாளாம், அதாவது நிஜம்தான் என்று. அவ்வளவுதான்.

ஆசான் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் துக்கம் எதுவும் இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை.

“முன்ஷாஃப்டுக்க கிராஸ் ஒடிஞ்சிருக்கு. வேற ஒண்ணும் இல்ல.”

“எஞ்சின்?”

“அது அங்கதான் இருக்கு.”

கியர் பெட்டியிலிருந்து முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டுதான் முன்ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் கூட்டல் குறி வடிவத்தில் கை அகல இரும்பு ஒன்று உண்டு, அது கிராஸ். வண்டி குலுங்கும்போது தண்டு வளைந்து கொடுக்க வேண்டுமே, அதற்கு. முன்பக்கத்துக் கிராஸ் உடைந்து தண்டு விழ, கியர் பெட்டி பாவம் அதை விடாமல் சுழற்றியிருக்கிறது. நான் கேட்ட உலக்கை அதுதான். ஆசான் மறுமுனைப் போல்டுகளையும் கழற்றி, ஷாஃப்டை விறகுக்கு மேலே தூக்கிப் போட்டார்.

“இனி பின்னால உள்ள வீல் மட்டும் இழுக்கும். விறக இஞ்ச இறக்கிட்டு பைய வீட்டுக்கு ஓட்டுங்க.”

“முன்ஷாஃப்டு இல்லாம வண்டி ஓடுமா?”

“இத்தன நாளும் நீங்க தார் ரோட்டில அப்படித்தானே ஓட்டினீங்க. ரோட்டில ஓடும். பொற்றையில ஏறாது.”

ஏறாது என்பதுதான் எனக்குக் கேட்டது. மறுநாள் வெள்ளி. அதற்கு மறுநாள் வார்ப்பு. விறகை வளைவில் அடுக்கி வைத்துவிட்டு இறங்கினேன். ஹாலைக் கடக்கும்போது செயலாளர் வாசலில் நின்றிருந்தார்.

“எல்லாம் செரியா?” என்று கேட்டார்.

“எல்லாம் செரி” என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் போனேன். பின்னால் அடித்தட்டில் ஷாஃப்ட் உருண்டு உருண்டு கணகணவென்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டிவியில் செய்தி: மறுநாள் கேரளத்தில் ஹர்த்தால், கடையும் வண்டியும் கிடையாது. எதற்கு ஹர்த்தால் என்று யாரும் பார்க்கவில்லை, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கோழிக்கடைக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. சோபாவில் விழுந்தேன். நெய்யாற்றின்கரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறக்காது. காட்டாக்கடையிலும் திறக்காது. ஆசானின் ஒர்க்‌ஷாப் ஷட்டரும் உயராது. செயலாளரின் நோட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு கோடு விழுவதைக் கண் முன்னால் பார்த்தேன். இதையெல்லாம் நான் சத்தமாகவே புலம்பியிருக்கிறேன்.

“பனச்சமூட்டில ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்க ஏது ஹர்த்தால்?” என்றாள் மனைவி, சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லையில் பிறந்து, எல்லையில் வளர்ந்து, இங்கே சாராயக் கடை மூடினால் அங்கே, அங்கே மூடினால் இங்கே என்று நடந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை. பயம் வந்தால் எனக்கு முதலில் மறந்து போவது பூகோளம்.

காலையில், ஆசான் ஷாஃப்டிலிருந்து கழற்றித் தந்திருந்த உடைந்த கிராஸைப் பேப்பரில் பொதிந்து ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். பனச்சமூடு ஜங்ஷனுக்கு முன்னால் நடுரோட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், தமிழ்நாட்டு டீக்கடையில் பரோட்டா வெந்துகொண்டிருந்தது. வாசனைக்கு ஹர்த்தால் இல்லை.

“எங்கோட்டா அண்ணா?” என்றார் கொடி பிடித்தவர்.

“ஜீப்பிற்கு ஒரு கிராஸ் வாங்கணும். நாளைக்கு கோயில்ல அசனம். வார்ப்பு ஏத்தணும்.”

நாற்காலியில் சாய்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோர்ட்டுக்கு அடிக்கடி வருகிற ஆள். “இவிரு சொன்னா நம்பாதீங்க. எனக்க கேசு ஜெயிச்சாச்சு எண்ணு எனக்க அம்மையிட்ட சொன்ன ஆளாக்கும். அம்மை பாயசம் வச்சு ஊரெல்லாம் கொடுத்தா.”

பேப்பரைப் பிரித்து உடைந்த இரும்பைக் காட்டினேன். அதை எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் இது மோட்டார் பம்பினுடையது என்றார். இன்னொருவர் இது எதனுடையதும் இல்லை, ஆக்கரிக் கடைப் பழைய இரும்பில் எடுத்தது என்றார். அரை மணி நேரம் வெயிலில் நின்றேன். வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“இஞ்ச விடமாட்டங்கானுவ. நீ சொல்லு.”

“உள்ளதாக்கும்” என்றாள் மனைவி.

கொடி ஒதுங்கியது.

கடைக்காரர் உடைந்ததையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாலு முனையிலும் உள்ள கிண்ணங்களின் அளவைப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அவருக்கு என்னைத் தெரியாது.

பத்து மணிக்கெல்லாம் வீட்டில். ஆசான் மத்தியானம்தான் வருவேன் என்றிருந்தார். ஒர்க்‌ஷாப் பூட்டியிருப்பதால் என் முற்றத்திலேயே வேலை. ஷாஃப்ட் முற்றத்தில் துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கிடந்தது. “இதத் தொடாண்டாம், கேட்டீங்களா” என்று அவர் வியாழக்கிழமை சொல்லிவிட்டுப் போனது எனக்கு நன்றாக நினைவிருந்தது. தொடக் கூடாது என்று சொன்னது பிரிக்கக் கூடாது என்ற அர்த்தத்தில்தான், துடைக்கக் கூடாது என்ற அர்த்தத்தில் அல்ல என்று எனக்கு நானே வாதாடித் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். கோர்ட்டில் முப்பது வருடம் இருந்த பழக்கம்.

எங்கள் குடும்பங்களில் விசேஷத்துக்கு முன்னால் எதையாவது பெயிண்ட் அடிக்காமல் இருக்க முடியாது. கிறிஸ்மஸுக்கு முன் கேட், அதற்கும் முன் கல்லறை. அப்பாவின் கல்லறையைச் சுற்றிய கம்பி வேலிக்கு அடித்த வெள்ளிப் பெயிண்டில் கால் டப்பா ஷெட்டில் மிச்சம் இருந்தது. நாளைக்குச் சபையே பார்க்கப் போகிற வண்டி. அடியில் குனிந்து யார் பார்ப்பார்கள் என்று யோசிக்கவில்லை. செயலாளர் குனிந்து பார்க்கிற ஆள்தான் என்று தோன்றியது. ஷாஃப்டை மண்ணெண்ணெயில் கழுவினேன். நடுவில் அது இரண்டு துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று சொருகி வழுக்குகிற மாதிரி இருப்பதைப் பார்த்தேன். இழுத்ததும் வந்துவிட்டது. வந்துவிட்டதைக் கழுவாமல் விடுவானேன். இரண்டையும் கழுவி, உள்ளே கிரீஸ் வைத்து, திரும்பச் சொருகி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, செங்கல்லில் சாய்த்துக் காயவைத்தேன். வெயிலில் மின்னியது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஆருக்க கல்லறை?” என்றாள்.

ஆசான் வந்ததும் ஷாஃப்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “தொடச்சேன்” என்றேன். “பிரிச்சீங்களா?” என்றார். “சேச்சே” என்றேன்.

புதிய கிராஸை ஏற்றுவது பெரிய பாடாக இருந்தது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் வளையம் மாதிரி ஒரு லாக் உண்டு. நாலாவது லாக்கை இடுக்கியில் அழுத்திப் போடும்போது அது டிங் என்று தெறித்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் போய்விட்டது. நானும் அவரும் முட்டிபோட்டு ஒவ்வொரு செடி மூடாகத் தேடினோம். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்து அதன் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்ணில் இழுத்தேன். ஏழு ஆணி, ஒரு சோடா மூடி, மனைவி மூன்று வருடமாகத் தேடிய கத்தரிக்கோல், எல்லாம் வந்தன. லாக் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அது ஆசானின் சட்டைப் பையில் இருந்தது. அவர் சொன்னார், தெறித்தது அங்கே விழுந்திருக்கிறது என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிலிருந்தே என் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

நாலரை மணிக்கு மாட்டி முடித்து ரோட்டில் எடுத்தோம். இருபதில் ஒன்றுமில்லை. நாற்பதைத் தொட்டதும் வண்டிக்குக் குளிர்ஜுரம் வந்தது. கண்ணாடி நடுங்கியது, கதவு நடுங்கியது, ஸ்டீரிங் என் தோள்வரை ஏறி நடுங்கியது. பேச வாய் திறந்தால் வார்த்தை பொடிப்பொடியாக வந்தது.

“ஆ-ஆ-சா-னே.”

“நிறுத்துங்க.”

அடியில் படுத்து, பாக்கெட் கத்தியால் என் வெள்ளிப் பெயிண்டைச் சுரண்டினார். பிறகு படுத்தபடியே கேட்டார். “அண்ணா, நான் இதில சாக்கால ரெண்டு கோடு வரஞ்சிருந்தேன். அது எங்க?”

நான் பெயிண்ட் ஒட்டிய விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“பிரிச்சீங்க.”

“லேசா.”

“ஒரு முனையில கிராஸ பிடிக்கிற காதும் மறுமுனைக்க காதும் ஒரே நேர நிக்கணும். ஒண்ணு கிழக்க பாத்தா மத்ததும் கிழக்க பாக்கணும். இது ஒண்ணு பாறசாலைய பாக்குது, மத்தது திருவனந்தபுரத்த பாக்குது. பின்ன நடுங்காம?” அவர் வெளியே வந்து உட்கார்ந்து கையைத் துடைத்தார். “நீங்க பிரிக்கல எண்ணு சொன்னதை நான் நம்பிப்போட்டேன். அதாக்கும் எனக்க தப்பு.”

அந்த இரண்டு நாளில், மனைவியைத் தவிர, என்னைத் தெரிந்தும் நம்பிய ஒரே ஆள் அவர்தான். அதுவும் நான் பொய் சொன்னபோது. ரோட்டோரத்தில் குந்தியிருந்து இதை யோசிக்க யோசிக்க எனக்கு ஷாஃப்டை எடுத்து என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லா போல்டையும் மறுபடி கழற்றி, ஷாஃப்டை இழுத்து, காதுகளை நேராக்கி, மறுபடி மாட்டினோம். இந்தத் தடவை சாக் வேண்டாம் என்று உளியால் இரண்டு வெட்டு வெட்டினார். “இதில பெயிண்டு அடிச்சாலும் போவாது” என்றார். இருட்டுவதற்குள் அறுபதில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி தண்ணீர் மாதிரி போனது. என் கையில் மண்ணெண்ணெயும் பெயிண்டும் தோலும் சேர்ந்து ஒரே நிறத்தில் இருந்தன.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஹால் வாசலில் ஜீப்பைப் பின்னால் எடுத்து நிறுத்தினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே வார்ப்பு இல்லை. வார்ப்புகள் கிடந்த இடத்தில் மூன்று வட்டம் மட்டும் தரையில் சுத்தமாக இருந்தன. வெளியே வந்து மேலே பார்த்தேன். பொற்றையின் உச்சியில், ரப்பர் இலைகளுக்கு மேலே, புகை.

சின்னக் கம்பியை இழுத்து ஏறினேன். இரண்டாவது வளைவில் நான் அடுக்கி வைத்த விறகு ஒரு கட்டைகூட இல்லை. வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. அதன் வாழ்நாளில் இவ்வளவு அழகாக ஏறியதில்லை. உள்ளே நானும் ஸ்டெப்னியும் மட்டும்.

மேலே மூன்று அடுப்பிலும் வார்ப்பு ஏறி உலை கொதித்துக்கொண்டிருந்தது. நாலு சுமட்டுக்காரர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றார்.

“நான் ஏத்துகேன் எண்ணு சொன்னேனே” என்றேன்.

“சொன்னீரு.”

“நோட்டில எழுதினீரே.”

“எழுதினேன். எழுதிட்டு அண்ணைக்கே இவங்களுக்கும் சொல்லி வச்சேன். உம்ம மனசு நோவாண்டாம் எண்ணு உம்மகிட்ட சொல்லல்ல.” அவர் குரலில் கேலி இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “ஐந்நூறு பேருக்க சோறு, ஓய். தமாசாப் போச்செண்ணா என்ன செய்ய?”

கிராஸ் உடைந்தது, ஹர்த்தால், லாக், பெயிண்ட், காது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஒரு கதை சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு முன்பே நடந்து ஏறிவந்து அவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என் மனைவி கத்தியை வைத்துவிட்டு, “உள்ளதாக்கும்” என்றாள். சிரிப்பு நின்றது. செயலாளர் ஜீப்புக்குப் போய், நான் நினைத்தபடியே, குனிந்து அடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் விரல் நுனியில் வெள்ளி.

பந்தி முடிந்து மூன்று மணி ஆனபோது சுமட்டுக்காரர்களில் இரண்டு பேர் மரத்தடியில் தூங்கிவிட்டார்கள். மற்ற இரண்டு பேரும் வயிற்றைத் தடவிக்கொண்டு, இனி இன்றைக்கு முடியாது என்றார்கள். செயலாளர் என்னிடம் வந்தார்.

“வார்ப்ப இறக்கணும். உம்ம வண்டி இறக்குமா?”

இறக்கத்துக்கு முன் சக்கரம் இழுக்கத் தேவையில்லை. முன்ஷாஃப்ட் இல்லாமலே, அதை விறகு மாதிரி பின்னால் போட்டுக்கொண்டே, வியாழக்கிழமை நான் இறங்கிய அதே வழி. இரண்டு நாள் நான் பட்ட பாட்டில் ஒன்றுகூட இதற்கு வேண்டியதில்லை. “இறக்கும்” என்று மட்டும் சொன்னேன். வார்ப்புகளை ஏற்றினோம். இருந்தாலும் சின்னக் கம்பியை இழுத்து நாலு வீலுக்கும் போட்டேன். மாட்டியதை ஒரு தடவையாவது சுமையோடு ஓட்ட வேண்டாமா.

செயலாளர் முன்சீட்டில் நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்து வந்தார். இரண்டாவது வளைவில் கேட்டார்.

“அடுத்த வருசம் சுமட்டுக்காரங்கள விளிக்காண்டாம், இல்லியா?”

“விளிக்காண்டாம். நான் ஏத்துகேன்” என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “வண்டி ஏறல்லெண்ணா வார்ப்ப எனக்க தலையில கவுத்திட்டு நடந்து ஏறுகேன்.”

பேனா நோட்டுக்கு மேலே நின்றது. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஓய், இது தமாசா, காரியமா?”

பிரேக்கை மிதித்து நிறுத்தி, அந்த ஒரு வார்த்தைக்காகப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி மிச்சச் சோறு இருந்த வாளியை மடியில் பிடித்தபடி வார்ப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அவள் வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எவ்வளவு நேரம் பார்த்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.